அந்த ஆறு எம்பி

என்டர் தட்டிட்டான்.

தட்டின விரல் இன்னும் கீபோர்டுலயே இருக்கு. அப்பதான் பாக்குறான் சுடலைமணி. எழுத வேண்டியது நகத்தளவு மெமரி கார்டுல. எழுதினது குருவோட ஹார்ட் டிஸ்க்ல!

ஐயோ.

"நிறுத்து நிறுத்து நிறுத்து!"ன்னு கத்துறான். யார்கிட்ட? ரூம்ல ஒரு ஆளும் இல்ல.

முடிஞ்சுடுச்சு. மூணே செகண்ட். ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்க்ரீன்ல அடுத்த வரி வந்து நிக்குது.

பயத்துல மெஷின ஆஃப் பண்ணி ஆன் பண்ணான். வரல. கருப்பு ஸ்க்ரீன்.

வாசல்ல ஆட்டுக்குட்டி கத்துச்சு.

"மே...ஏ..."

அது காலிங் பெல். மடத்துல சேந்த மொத நாள், குரு சொல்லி சுடலையே மாட்டினது.

குரு வந்தாச்சு!

குருன்னா தாடி, காவி எல்லாம் இல்ல. பேரு ஜெனோவா. சுடலை வயசுதான். பாலிடெக்னிக்ல ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். தூத்துக்குடில ஒரு ஐஸ் கம்பெனி மாடியில ரூம் எடுத்து, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் போர்டுல ஓடுறதுக்குச் சொந்தமா ஒரு லினக்ஸ் சிஸ்டம் செஞ்சா. பேரு தும்பி. மொத்தமே முப்பத்தியோரு எம்பி! ஒரு பாட்டு வீடியோ கூட அதவிடப் பெருசு!

பசங்க கிண்டலா அந்த ரூம மடம்னாங்க, அவளக் குருன்னாங்க. அப்புறம் கிண்டல் போயிடுச்சு. பேரு நின்னுடுச்சு.

துறைமுகத்துல பாதிப் படகுல தும்பிதான். நடுக்கடல்ல ஆபத்துன்னா சிவப்புப் பொத்தான அமுக்கணும். வயர்லெஸ் வழியா கரைக்குச் சேதி வந்துடும்.

அன்னைக்குக் காலைலதான் ஒரு கோளாறு தெரிஞ்சுது. பொத்தான ரெண்டு தடவ படபடன்னு அமுக்கினா போர்டு அப்படியே உறைஞ்சு போகுது. சேதி போகாது.

முங்கப் போறவன் ஒரு தடவையோட நிறுத்துவானா?

மீன்பிடித் தடைக்காலம் அன்னைக்கோட முடியுது. விடிஞ்சா எல்லாப் படகும் கடலுக்கு. அதுக்குள்ள தும்பியோட புரோகிராம் கோட சரி பண்ணி எல்லா போர்டுலயும் ஏத்தணும்.

"சோதிச்சுப் பாக்க தும்பிய ஒரு கார்டுல எழுதி வைல, டீ வாங்கிட்டு வாரேன்"னு சொல்லிட்டுத்தான் குரு கீழ போனா.

இப்ப ரெண்டு கையிலயும் டீயோட கதவத் தள்ளிட்டு வாரா. பெல்ல முழங்கையால அமுக்கியிருக்கா.

"என்னல, பேயறஞ்ச மாதிரி நிக்க?"

"குரு..."

"சொல்லு."

"உன் டிஸ்க்ல எழுதிட்டேன்."

குரு டீய மேஜையில வச்சா. ரெண்டையும். மெதுவா.

"மெஷின ஆஃப் பண்ணியா?"

"பண்ணிட்டேன்."

குரு கண்ண மூடிக்கிட்டா.

அது பூட்டுன டிஸ்க். பாஸ்வேர்டு போட்டாத்தான் தொறக்கும். பூட்டோட விவரம் எல்லாம் டிஸ்க்கோட ஆரம்பத்துல ஒரு துளி இடத்துல இருக்கும். தும்பி கரெக்டா அது மேல போய் உக்காந்துடுச்சு! மெஷின் ஓடிட்டு இருந்த வரைக்கும் சாவி மெமரில இருந்துச்சு. ஆஃப் பண்ணதும் அதுவும் போச்சு. அவளோட இத்தன வருஷ வேலையும் உள்ள பத்திரமா இருக்கு. இனிமே யாராலயும் தொறக்க முடியாது. அவளாலயும்! நெனச்சுப் பாருங்க!

"திட்டு குரு. நாலு அறையாவது அறை."

"எவ்வளவு நேரத்துல எழுதுச்சு?"

"மூணு செகண்டு."

"பரவால்ல. நல்ல வேகந்தான்."

சுடலைக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவளுக்கு மூள கலங்கிடுச்சா?

குரு உக்காந்து, டீய எடுத்து ஒரு வாய் குடிச்சா.

"இன்டர்நெட்ல எங்கயாவது ஏத்தி வச்சிருக்கியா குரு?"

"இல்ல."

"வேற காப்பி எடுத்து வச்சிருக்கியா?"

"தும்பிக்குள்ள ஒரு ஃபோல்டர் இருக்குல்ல, அதுல என்ன இருக்கு?"

"தும்பிய எழுதின கோடு பூரா இருக்கு."

"எத்தன எம்பி?"

"ஆறு."

"மடத்துக்கு வந்த மொத நாள் நீ என்ன கேட்ட?"

சுடலை தலையக் குனிஞ்சான். 'படகுக்காரன் என்ன கோடா படிக்கப் போறான்? எதுக்கு இந்த ஆறு எம்பி தெண்டம்?'னு கேட்டிருந்தான். அன்னைக்கு குரு பதில் சொல்லாம வேற வேல குடுத்துட்டா.

"ஒவ்வொரு படகுலயும் அது இருக்குல. போ. எந்தப் படகுலருந்தாவது ஒரு போர்டக் கழட்டிட்டு வா. இருட்டுறதுக்குள்ள முடிச்சிரலாம்."

சுடலை நகரல.

"போல!"

"குரு."

"இன்னும் என்ன?"

"தடைக்காலத்துல தும்பி ஓடுற எல்லாப் படகுலயும் அப்டேட் போட என்னத்தான அனுப்பின?"

"ஆமா."

"உனக்கு ஒரு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு..."

குருவோட கை டீயோட அந்தரத்துல நின்னுடுச்சு.

"முப்பத்தொண்ண இருபத்தஞ்சாக்கிட்டேன் குரு."

"எதத் தூக்குன?"

சுடலை ஆறு விரலக் காட்டினான். சொல்லணுமா என்ன?

"எத்தன படகுல?"

"எல்லாத்துலயும்."

"உன் பென்டிரைவ்ல?"

"கொறைச்சதுதான் இருக்கு."

"இப்ப டிஸ்க்ல எழுதுனது?"

"அதான் குரு. இருபத்தஞ்சு."

கீழ ஐஸ் உடைக்கிற மெஷின் கடகடன்னு ஓடுது.

குரு அந்தக் கருப்பு ஸ்க்ரீனத் திரும்பிப் பாத்தா. திட்டக்கூட இல்ல. சுடலைக்குப் பயங்கரமா இருந்துச்சாம். அறைஞ்சிருந்தாக் கூட தேவலன்னு இருந்துச்சாம். அப்படியே தரையில உக்காந்துட்டான்.

"இப்ப லேசா இருக்கால?"ன்னு கேட்டா.

"நெஞ்சு அடைக்குது குரு."

"சரி, வா. படகு படகாப் போய்ச் சொல்லிருவோம். பொத்தான ஒரு தடவதான் அமுக்கணும்னு."

"பயத்துல இருக்கவன் கேப்பானா?"

"கேக்க மாட்டான்."

ரெண்டு பேரும் எந்திரிக்கல.

"மே...ஏ..."

வெளிய சந்தியாகு அண்ணன். சொந்தப் படகு வச்சிருக்கிறவரு. படிக்கட்டுல நின்னே சத்தம் போடுறாரு.

"யம்மா ஜெனோவா! போர்டு ரெடியா? ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சு, நீதான் பாக்கி!"

அவருகிட்ட என்னன்னு சொல்றது?

அண்ணன் அவசரக்காரரு. படபடன்னு ரெண்டு தடவ அமுக்கிட்டாரு.

"மேமேமேமேமேமேமே..."

நிக்கவே இல்ல! ஆட்டுக்குட்டி நடுத் தொண்டையில மாட்டிக்கிட்டு ஒரே மூச்சா கத்துது!

"ஏ, உள்ள என்ன ஆடா அறுக்கீங்க?"ன்னு அண்ணன் காதப் பொத்திக்கிட்டு கேக்குறாரு.

சுடலை எரிச்சலோட எந்திரிச்சான். பெல்ல நிறுத்தலாம்னு ரெண்டு எட்டு வச்சான்.

அப்படியே நின்னுட்டான்.

ரெண்டு தடவ.

படபடன்னு.

உறைஞ்சு போச்சு.

கதவுக்கு மேல பாத்தான். ஒரு பழைய சோப்பு டப்பா. அதுக்குள்ள தும்பி ஓடுற ஒரு போர்டு. மேல ஒட்டடை. 'ஒரு பெல்லுக்குப் போய் கம்ப்யூட்டரா'ன்னு சிரிச்சுக்கிட்டே அவன் கையால ஆணி அடிச்சது. ஆட்டுச் சத்தம் கூட அவன் வச்சதுதான். ஊருல இருக்கிற படகு ஒவ்வொண்ணையும் தேடிப் போனான். தெனம் இது கீழதான் வந்தான், போனான்.

"குரு..."

டப்பாவக் கைய நீட்டிக் காட்டினான்.

"குரு, இதுல அந்த ஆறு எம்பிய நான் தொடவே இல்ல."

குரு டீய வச்சுட்டு எந்திரிச்சா. டீ கொட்டுச்சு. அவ பாக்கல.

சுடலை ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறிட்டான். ஒரு கையில ஸ்க்ரூ டிரைவர். இன்னொரு கை டப்பா மேல. ஆடு கத்திக்கிட்டே இருக்கு.

"ஏல!"

குரு கத்தின கத்துல சந்தியாகு அண்ணன் படிக்கட்டுல ஒரு படி கீழ போயிட்டாரு. சுடலையோட கை அந்தரத்துல நின்னுடுச்சு.

குரு பக்கத்துல வந்து நின்னு அண்ணாந்து பாத்தா.

"அதுல எதக் கொறைக்கப் போற?"

சுடலை ஸ்டூல் மேல நின்னபடியே அழுதுட்டான்.

நெஜமாவே கேக்குறேன். உங்களுக்கும் இப்படி ஒரு என்டர் விழுந்திருக்கா?