மஞ்சக்காலி கூட்டைப் பிரித்த கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நிற்காமல் கூட்டம் கூடின, ஒப்பந்தமும் போட்டுக்கொண்டன. ஒப்பந்தம் போட்டவர்கள் எல்லோரும் அதன்படி நடந்தார்களா என்று கேட்டால், அதற்குத்தான் இந்தக் கதை.

எந்தக் கோடையிலும் வற்றாத ஓர் ஆழமான மடு இருந்தது. பெருமடு என்பார்கள். அதில் கூழைக்கடாக்கள் வாழ்ந்தன. ஆட்டுக்குட்டி கனத்துக்கு உடம்பு, அலகுக்குக் கீழே தொங்கும் பை. மடுவுக்குச் சற்று மேட்டில் கோரைக்குட்டை இருந்தது. நின்றால் கொக்கின் முழங்கால்தான் நனையும். அங்கே நீர்க்கோழி, முக்குளிப்பான், உள்ளான் என்று சின்னப் பறவைகள் குடியிருந்தன. இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால்.

மழைக்காலத்தில் பெருமடுவின் மீன்கள் வாய்க்காலில் ஏறிவந்து, குட்டையின் கோரைக்குள் முட்டையிடும். குஞ்சுகள் அங்கேயே வளர்ந்து, கோடை தொடங்கும்போது தண்ணீரோடு மடுவுக்கு இறங்கும். குட்டைப் பறவைகள் அந்தப் பொடிமீனைத் தொடக்கூடாது. பதிலுக்கு, குட்டை வற்றும் மாதங்களில் மடுக்கரையில் அவை தாராளமாக இறங்கித் தண்ணீர் எடுக்கலாம். இதுதான் பழைய பேச்சு. குட்டை இல்லாமல் மடுவுக்கு மீன் இல்லை, மடு இல்லாமல் குட்டைக்குக் கோடை இல்லை. இது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்ள ஒரு பக்கத்துக்கு மட்டும் முடிந்தது.

கோரைக்குட்டையில் மஞ்சக்காலி என்று ஒருத்தி இருந்தாள். நீண்ட மஞ்சள் கால், கண்ணருகே சிவப்புச் சதை, ஓயாத வாய். அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை, அலுத்துப்போய் எழுந்து போனவர்கள்தான் உண்டு. அந்தக் குட்டையிலேயே அழகான கூடு அவளுடையது. கோரையைப் பின்னிப் பின்னி, உள்ளே நாணல் பூ மெத்தை போட்டிருந்தாள். அதில் நான்கு முட்டைகள்.

அந்த வருஷம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. சூடு ஏறினால் முட்டை உள்ளேயே வெந்துவிடும். மஞ்சக்காலி தண்ணீரில் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காருவாள். காய்ந்ததும் மறுபடி ஓடுவாள். குட்டை ஓரம் சேறாகிக் கொண்டிருந்தது. இனி மடுக்கரைதான் கதி என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, பெருமடுவில் கூட்டம் என்று ஆள் வந்தது.

கூட்டம் எப்போதும் மடுவின் ஈரக்கரையில்தான் நடக்கும். அங்கே ஒரு வழக்கம். பேச வருகிறவர் சேற்றில் கால் ஊன்ற வேண்டும். கால் எவ்வளவு ஆழம் பதிகிறதோ, அவர் சொல்லுக்கு அவ்வளவு எடை. யார் ஏற்படுத்திய வழக்கம் என்று யாரும் கேட்டதில்லை. கனமான கால் உள்ளவர்கள் ஏற்படுத்தியிருப்பார்கள், வேறு யார்?

கூழைக்கடாக்களின் தலைவர் பெரியதாடி. நிதானமாகப் பேசுவார், கோபமே வராது. வறட்சிக் காலத்தில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று தொடங்கினார். கரைக்கு வர விரும்புகிறவர்கள் தங்கள் கோரையை வெட்டிக் கொண்டுவந்து கூழைக்கடாக்களின் கூட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். கொடுத்தவருக்குத் தண்ணீர் உண்டு, கொடுக்காதவருக்கு இல்லை. இது குட்டைக்காரர்களின் நன்மைக்காகத்தான், உழைப்பின் அருமை அவர்களுக்குத் தெரிய வேண்டாமா என்றார். சொல்லிவிட்டுக் காலை ஊன்றினார். குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

மஞ்சக்காலி முன்னால் வந்தாள். கோரையை வெட்டிவிட்டால் அடுத்த மழைக்கு மீன் எதில் முட்டையிடும், நீங்கள் எதைத் தின்பீர்கள் என்று கேட்டாள். பழைய பேச்சு என்ன ஆயிற்று என்று கேட்டாள். அவள் கேட்டதற்கெல்லாம் பதில் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. பிறகு அவள் காலை ஊன்றினாள். மூன்று கீறல் விழுந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறு அதை மூடிக்கொண்டது.

"நல்லாப் பேசுறேம்மா," என்றார் பெரியதாடி. "கொஞ்சம் சாப்பிட்டு உடம்பைத் தேத்திக்கிட்டு வா. அடுத்த கூட்டத்துல கேக்குறோம்."

கூழைக்கடாக்கள் பை குலுங்கச் சிரித்தன. குட்டைப் பறவைகளில் சிலவும் சிரித்தன என்பதுதான் அவளுக்கு எரிந்தது.

திரும்பும் வழியில் முக்குளிப்பான் அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். உருண்டை உடம்பு, எதற்கும் சட்டென்று முழுகிவிடும் சுபாவம். கொஞ்சம் கோரைதானே, கொடுத்துவிட்டுப் போவோம், பெரிய இடத்துப் பகை எதற்கு என்றார்.

"உங்களுக்கென்ன மாமா, பிரச்சினை வந்தா முழுகிடுவீங்க. குட்டை வத்தினப்புறம் எதுல முழுகுவீங்க?"



மறுநாள் அவள் துணிந்து மடுக்கரைக்குப் போனாள். இளங்கூழைக்கடாக்கள் சிறகை விரித்து விரட்டின. காய்ந்த வயிற்றோடு திரும்பி, முட்டைமேல் நிழலாக நின்றாள். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த வாய்க்கால் முகத்துக்கும் கூட்டுக்குமாக ஓடினாள்.

அப்படி ஓடும்போதுதான் பார்த்தாள். வாய்க்கால் முகத்தில் பொடிமீன் திரண்டு நின்றது. மடுவுக்கு இறங்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தது. கூழைக்கடாக்களின் கோடைச் சாப்பாடு மொத்தமும் அங்கே, இந்தச் சில்லறைக் குட்டையில், அவள் காலடியில் நெளிந்தது. நம்மிடம் ஒன்றுமில்லை என்று இத்தனை நாள் நம்மை நம்பவைத்தது யார் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

குட்டைப் பறவைகளைக் கூட்டி, வாய்க்காலை அடைத்துவிடுவோம் என்றாள். எதை வைத்து என்றன மற்றவை. குட்டையோரக் கோரையெல்லாம் காய்ந்து நொறுங்கிக் கிடந்தது, தண்ணீரில் நின்ற பச்சைக் கோரையை வெட்டினால் அடுத்த மழைக்கு மீனுக்கு இடமில்லை. பின்னலோடு உறுதியாக இருந்தது அவரவர் கூட்டில் உள்ள கோரை மட்டும்தான்.

மஞ்சக்காலி தன் கூட்டுக்குப் போனாள். முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டி, மேட்டில் காய்ந்த தரைமேல் வைத்தாள். பிறகு தன் கூட்டைப் பிரித்தாள். பின்னுவதற்கு ஒரு மாதம் ஆன கூடு. நாணல் பூ காற்றில் பறந்தது. கோரையை இழுத்துவந்து வாய்க்கால் முகத்தில் போட்டு, சேற்றை அப்பினாள். வெகுநேரம் அவள் ஒருத்திதான் இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முக்குளிப்பான் தன் மிதக்கும் கூட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பேசாம இழு," என்றார். அவருக்குப் பின்னால் நீர்க்கோழிகள் வந்தன.

வாய்க்கால் அடைபட்டது. பொடிமீன் குட்டைக்குள்ளேயே நின்றது. குட்டையோ சுருங்கிக்கொண்டு வந்தது. சாகப்போகிற மீனை நாமே தின்றால் என்ன என்று ஒரு கொக்கு கேட்டது. தின்றுவிட்டால் அப்புறம் நம்மோடு யார் பேசுவார்கள் என்றாள் மஞ்சக்காலி. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிற மாதிரி எல்லோரும் பதறிக்கொண்டு நின்றார்கள். மீன் செத்தால் இரண்டு பக்கமும் கெட்டது. யார் முதலில் அசைவார்கள்?

பெரியதாடிதான் அசைந்தார். பை ஒட்டிப்போய், கூட்டத்தாரோடு மேட்டில் ஏறிவந்தார். ஒரே மிதியில் அணையை உடைத்துவிடுவேன் என்றார், நிதானமாகத்தான்.

"மிதிங்க. உங்க கால் கனம்தான் ஊருக்கே தெரியுமே. அடியில இருக்கிற மீன் சேத்தோட சேந்து நசுங்கும், அவ்வளவுதான்."

அவர் தூக்கிய காலை இறக்கவில்லை. சரி, கரைக்கு வா, கூட்டம் போட்டுப் பேசுவோம் என்றார்.

"கரைக்கு வரமாட்டோம். இங்கேயே பேசலாம். இந்தத் தரையில."

வெயிலில் காய்ந்து பாறையாகிக் கிடந்த தரை அது. பெரியதாடி காலை ஊன்றினார். ஒன்றும் பதியவில்லை. அழுத்தி ஊன்றினார். அப்போதும் இல்லை. பக்கத்தில் மஞ்சக்காலி ஊன்றினாள். அவளுடையதும் பதியவில்லை. பெரியதாடி தன் காலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறந்ததிலிருந்து தன் சொல்லுக்குச் சேறு எடை கொடுத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

பேச்சு பகல் முழுக்க நீண்டது. கரை எல்லோருக்கும் திறப்பது, கோரையை யாரும் கேட்பதில்லை, வாய்க்காலை உடனே திறப்பது என்று முடிந்தது. பொடிமீன் பளபளவென்று மடுவை நோக்கி இறங்கியது. மஞ்சக்காலி ஓடிப்போய் மடுவில் வயிற்றை நனைத்துக்கொண்டு முட்டைகளிடம் வந்தாள். மூன்று உயிரோடிருந்தன. ஒன்று, அவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், கல்லைப் போலச் சூடேறிச் செத்துக் கிடந்தது. அதையும் மற்றவற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மழை வந்தது. மற்றவர்கள் புதுக் கோரையில் கூடு கட்டினார்கள். உனக்கும் சேர்த்துப் பின்னித் தருகிறேன் என்றார் முக்குளிப்பான். அவள் வேண்டாம் என்றாள். மடுவில் மறுபடி ஈரக்கரையில் கூட்டம் போடப்போவதாகவும், போன கோடைப் பேச்சைக் கொஞ்சம் "சரிசெய்ய" வேண்டியிருப்பதாகவும் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"கூட்டுக்குள்ள உக்காந்தா வர்றவன் கால் தெரியாது மாமா," என்றாள்.

பேச்சு நடந்த அந்த வெறுந்தரையிலேயே முட்டையிட்டாள். தூரத்தில் ஒரு கனத்த கால் அசைந்தாலும் எழுந்து பறந்து, குட்டை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். முதலில் எல்லோரும் சலித்துக்கொண்டார்கள். அப்புறம், வருகிற ஆளைக் காட்டிக்கொடுக்கிறாளே என்று அவளை ஆட்காட்டி என்றார்கள்.

அன்று முதல்தான் ஆட்காட்டிக் குருவி கூடு கட்டுவதில்லை. இன்றைக்கும் வெட்டவெளியில் முட்டையிட்டு, நனைந்த வயிற்றோடு ஓடிவந்து அதைக் குளிர்வித்து, எவ்வளவு பெரிய கால் வந்தாலும் அது வருகிறது என்று ஊருக்கே சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறது.