மருதங்கோட்டை ராஜாவின் கார் மலையேறிய கதை

மருதங்கோட்டை சுந்தரகேசரி மகாராஜாவிடம் ஒரு கார் இருந்தது. ராஜா காலத்தில் கார் ஏது என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருங்கள், நான் கதைக்குப் போகிறேன். காருக்கு வயசு முப்பது. டிரைவர் மீரான் அதைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

மகாராஜாவுக்கு ஒரு பெரிய மனக்குறை. ஆடித் திருவிழாவில் மலைக்கோயில் பரிவட்டம் யாருக்கு என்று அவருக்கும் பக்கத்து நாட்டு ராஜாவுக்கும் நாலு தலைமுறைச் சண்டை. ஊர்ப் பெரியவர்கள் பார்த்தார்கள். "அடிவாரத்திலே ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்புங்க. முதல்ல மேலே வர்றவர் தலையிலே கட்டுறோம்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வருஷமாக நம்மவர் போய்ச் சேரும்போது பக்கத்து ராஜா பரிவட்டமும் தலையுமாகச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த வருஷமும் தோற்றால் மீரான் வேலையை விட்டுப் போகலாம். அரண்மனை கொடுத்த வீட்டையும் காலி பண்ணலாம்" என்றார் மகாராஜா.

இதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோனவர் தளவாய் வேலாயுதம். மூன்று பேர் இடத்தில் ஒருவராக உட்காரும் உடம்பு அவருக்கு. டிரைவர் வேலையை மச்சானுக்கு வாங்கித் தரவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

"மகாராஜா, காருக்கு அடியிலே கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்கு. புகையைச் சுத்தம் பண்ணுதாம். புகையைச் சுத்தம் பண்ணி யாருக்கு என்ன ஆகணும்? அதுதான் வண்டிக் கழுத்தை நெரிக்குது. கழற்றி எறிஞ்சா கார் பறக்கும். இந்த மீரானுக்கு அதுகூடத் தெரியலே!"

அன்றைக்கே டப்பா கழன்றது. மகாராஜா ஏறி உட்கார்ந்தார். அடேயப்பா, என்ன சத்தம்! அரண்மனைப் புறாக்கள் ஊரை விட்டே போயின. மாடத்தில் நின்ற ராணியம்மா புகையில் இருமி இருமிக் கண் கலங்கினார்.

"பறக்கிறது! பறக்கிறது!" என்று மகாராஜா கத்தினார்.

வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு சலவைக் கழுதை ஓடி வந்துகொண்டிருந்தது. பின் சீட்டிலிருந்த அரசவை விகடகவி ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார்.

"ஆமாம் மகாராஜா. கழுதையும் பறக்குது."

சத்தத்தில் மகாராஜாவுக்கு அது கேட்கவில்லை. நல்லவேளை.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் கார்க் கொட்டகைக்குப் போனார். மீரான் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"தப்பே பண்ணாதவன் வயித்திலே அடிக்கிறாங்களே, ஐயா! இது அடைச்சிருந்தா வண்டி திணறும், நிசம்தான். நான் பார்த்துட்டேன், உள்ளே சுத்தமா இருக்கு. இதை எடுத்தா சத்தமும் புகையும்தான் மிச்சம்."

"அப்போ வண்டியை எதுதான் பிடிச்சு இழுக்குது, மீரான் அண்ணே?"

மீரான் கொட்டகை வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "அதைச் சொன்னா என் தலை போயிடும்."

"சொல்லாதீங்க. புரிஞ்சுபோச்சு. நீங்க டப்பாவை மாட்டுங்க."

மறுநாள் சபையில் ஆவுடையப்பன் கும்பிட்டு நின்றார். "மகாராஜா, தளவாய் சொன்னதுதான் சரி. ஒரு டப்பாவோடு ஏன் நிறுத்தணும்? வேகத்துக்குத் தடையா இருக்கிற எதையும் கழற்ற எனக்கு அதிகாரம் வேணும்."

தளவாய்க்குப் பூரிப்பு தாங்கவில்லை. ஓலையை அவரே எழுதினார். 'காரின் வேகத்துக்குத் தடையாக இருப்பது எதுவானாலும் ஆவுடையப்பன் கழற்றிப் போடலாம். குறுக்கே பேசுகிறவருக்குச் சிறை.' மகாராஜா முத்திரை குத்தினார்.

திருவிழா நாளும் வந்தது. ராஜா வெறுமனே போக முடியுமா? கார்க் கூரையில் வெள்ளிச் சிம்மாசனம். டிக்கியில் பொங்கல் வைக்க வெண்கல அண்டா. பின் சீட்டில் தளவாய், பட்டப்பெயர்களை முழங்கக் கட்டியக்காரன், வெற்றிலைப் பெட்டியோடு ஒருவன், மீதி இடுக்கில் ஆவுடையப்பன். மகாராஜா முன் சீட்டில். ஒன்று சொல்ல மறந்தேனே, மருதங்கோட்டை ராஜாக்கள் பின்னால் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். அது வம்ச வழக்கம்.

அடிவாரத்தில் மகாராஜா இறங்கி, காருக்கு முன்னால் நின்று நூற்றெட்டுச் சிதறுகாய் உடைத்தார். மேளம் முழங்கியது. உடைத்து முடித்ததும் மீரான் காரைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த, திரும்பாமலே ஏறிக்கொண்டார். இரண்டு காரும் ஒன்றாகக் கிளம்பின. ஏழு வளைவு. நம் கார் ஒரு வளைவிலும் நிற்கவில்லை, திணறவில்லை. பக்கத்து ராஜாவின் கார் ஐந்தாம் வளைவிலேயே பின்தங்கிவிட்டது.

பரிவட்டம் நம் மகாராஜா தலையில் ஏறியது! மனுஷருக்குக் கண்ணில் தண்ணீர்.

"பார்த்தீரா ஆவுடையப்பா, டப்பாவைக் கழற்றியதன் மகிமையை!"

"டப்பா அது இருக்கிற இடத்திலேதான் இருக்கு, மகாராஜா. மீரான் அண்ணன் அன்னைக்கே மாட்டிட்டார்."

"அப்போ எதைக் கழற்றினீர்?"

"பின்னால திரும்பிப் பாருங்க."

"ராஜா திரும்பிப் பார்ப்பதில்லை."

"சரி, வண்டியைத் திருப்பச் சொல்றேன்."

மீரான் வண்டியைத் திருப்பினார். கீழே மலைப்பாதையில் ஓர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. கட்டியக்காரன் சிம்மாசனத்தைச் சுமந்து வந்தான். வெற்றிலைப் பெட்டிக்காரன் பெட்டியை இழுத்து வந்தான். எல்லோருக்கும் கடைசியில், தலையில் வெண்கல அண்டாவோடு, தளவாய் வேலாயுதம்.

"வேகத்துக்குத் தடை எதுவானாலும்னு ஓலையிலே இருக்கு, மகாராஜா. எழுதினவரே அவர்தான். பாவம், குறுக்கே ஒரு வார்த்தை பேசலே."

மகாராஜாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அண்டா தளவாயின் காதுவரை இறங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கேயே மீரானைக் கூப்பிட்டு, அந்த வீட்டை அவர் பெயருக்கே எழுதித் தருவதாகச் சொன்னார்.

பிறகு மகாராஜா ஆவுடையப்பனை ஏற இறங்கப் பார்த்தார். ஆளுக்கு வேட்டி சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்திருந்தது.

"அத்தனை பேரையும் இறக்கினீரே, நீர் மட்டும் என்ன பஞ்சு மூட்டையா? உம்மை ஏன் இறக்கவில்லை?"

ஆவுடையப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"முதல்ல இறங்கினதே நான்தானே, மகாராஜா! ஏழு வளைவிலும் பின்னால இருந்து தள்ளினது யாருன்னு நினைச்சீங்க?"