பெயர் நீக்கிய வரி

“யாரும் வேண்டாம்னு சொல்லலையே மேடம். அப்புறம் ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?”

கேட்டவர் தேவசகாயம். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறவர். அவருடைய நெறியாளர் இன்பவல்லி அவரைவிட வயதில் சிறியவர். இவர் ‘மேடம்’ என்பார், அந்த அம்மாள் ‘சார்’ என்பார். சண்டை போடவும் முடியாத மரியாதை.

வெண்புள்ளி வந்த பெண்கள் இணையத்தில் ஒரு குழுவில் தங்களுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். அதைப் பற்றித்தான் ஆய்வு. யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று திறந்து கிடக்கும் குழு. தேவசகாயம் ஒரு கணினி நிரலை ஓடவிட்டு எல்லாப் பதிவுகளையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரிடமும் பேசாமலே வேலை முடிந்ததில் அவருக்குப் பெருமைதான்.

“பேரை எடுத்துட்டேன். ஊரை எடுத்துட்டேன். இதுக்கு மேல என்ன செய்யறது? இந்த வருஷம் ஆய்வேட்டைக் குடுக்கலைன்னா பதவி உயர்வு போச்சு மேடம்.”

இன்பவல்லி பக்கங்களைப் புரட்டினார்.

“இதுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வரி எது சார்?”

தேவசகாயத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாளைப் பார்க்காமலே சொன்னார்.

“‘பொண்ணு பாக்க வந்தாங்க. முந்தானைய இழுத்து கைய மறைச்சுக்கிட்டே காபி குடுத்தேன். அவங்ககிட்ட இன்னும் சொல்லல.’”

“நல்ல வரி.”

“அதைத்தான் இந்த இயலுக்கே தலைப்பா வச்சிருக்கேன்.”

இன்பவல்லி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார்.

“அதை அப்படியே அந்தக் குழுவுல போட்டுத் தேடுங்க.”

தேடினார். முதலிலேயே வந்துவிட்டது. பெயர், பச்சைப் புடவையில் சிரிக்கிற படம், டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடம், எல்லாம். இத்தனை நாளும் தேவசகாயம் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

“அவங்களேதானே மேடம் வெளியில போட்டாங்க?”

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

“ஆமா சார்.”

இன்பவல்லி அந்தப் படத்தை அப்படியே திரையில் விட்டுவைத்தார். மறுத்திருந்தால் பதிலுக்குப் பேசலாம்.

“வேணும்னா கேட்டுப் பார்க்கறேன்” என்றார் தேவசகாயம்.

“கேளுங்க.”

நான் ஒரு ஆய்வாளர், உங்கள் வரியை என் ஆய்வேட்டில் சேர்த்திருக்கிறேன், அனுமதி வேண்டும் என்று எழுதினார். அழித்தார். இன்னும் பணிவாக எழுதி அனுப்பினார்.

இன்பவல்லி வகுப்புக்குப் போய்விட்டார். தேவசகாயம் கேன்டீனில் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மறுத்துவிட்டால் இயலே சப்பென்று ஆகிவிடுமே என்று கவலையாக இருந்தது.

போனைப் பார்த்தார். செய்தியைப் படித்துவிட்டாள். பதில் இல்லை.

மறுபடி பார்த்தபோது அந்தப் பதிவைக் காணவில்லை. அப்புறம் அவளையே காணவில்லை.

வகுப்பு முடிந்து இன்பவல்லி வந்தபோது தேவசகாயம் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“அழிச்சிட்டாங்க மேடம். கணக்கையே மூடிட்டாங்க. பயந்துட்டாங்க போல.”



இன்பவல்லி உட்கார்ந்து, தானும் அந்த வரியைத் தேடிப் பார்த்தார். எதுவும் வரவில்லை.

“அப்ப இனிமே யார் தேடினாலும் அவங்க கிடைக்க மாட்டாங்க.”

“மாட்டாங்க.”

“அந்த வரி இப்ப எங்கதான் இருக்கு?”

தேவசகாயம் மேசையில் கிடந்த இயலைப் பார்த்தார்.

“இதுல மட்டும்தான்.”

இன்பவல்லி பேனா மூடியைக் கழற்றினார்.

“தேடினா கிடைச்சிடுவாங்கங்கற தடை தீர்ந்துபோச்சு சார். கையெழுத்துப் போட்டுடவா?”

தேவசகாயம் இயலின் தலைப்பை இன்னொரு முறை படித்தார்.

“அவங்க வேண்டாம்னு ஒண்ணும் சொல்லலையே?” என்றார் இன்பவல்லி.

பேனா தாளில் படுவதற்குள் தேவசகாயம் அந்தத் தாள்கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சொல்லிட்டாங்க மேடம்.”