நடு ஜெபத்தில் வந்த தூக்கம்

எங்கள் சபையில் ஆராதனை நடத்துகிறவர் ஆசீர் பிரதர். நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். மூன்றாவது பாட்டில் அவர் தலையை ஆட்டுவார். நான் வேகத்தைக் கூட்டுவேன். யாராவது தேம்பி அழுதால் தேவ பிரசன்னம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அழாவிட்டால் மறுபடியும் முதல் பாட்டு. பதினெட்டு வருஷமாக இதே பாடுதான். ஐயோ, என் மணிக்கட்டைக் கேட்டால் சொல்லும்.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு சுற்றுப் போனோம். ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை. பிரதருக்குத் தொண்டை கட்டி, கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. வாசலில் சபை மூப்பர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "இன்னைக்குப் பிரசன்னமே இல்லையே, பிரதர்."

புதன்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ரூபாவதி சிஸ்டரிடம் போனார். தொழுநோயாளிகள் இல்லத்தில் நர்ஸ். பிரதரைவிட நாலு வயது இளையவர். ஆனாலும் இவருக்கு வேதம் சொல்லிக்கொடுத்தது அவர்தான்.

"சிஸ்டர், இனிமே மைக்கைத் தொடப்போறதில்ல. மச்சான் கடையில போய் உட்காரப்போறேன். அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு தெரியணும். இத்தனை வருஷமும் ஆண்டவர் வந்தாரா, இல்ல எல்லாம் நான் கத்தினதுதானா?"

அதே கேள்வி எனக்கும் இருந்தது.

"மத்தியான ஜெபத்துக்கு நேரமாச்சு. வாங்க," என்றார் சிஸ்டர். நைட் டியூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகாத முகம்.

வார்டில் ஏழு பேர். ஒரு பாட்டை ஆளுக்கொரு சுருதியில் பாடி முடித்தார்கள். "கொஞ்ச நேரம் அமைதியா இருப்போம்" என்று சொல்லி, சிஸ்டர் முழங்காலிட்டு, கட்டில் விளிம்பில் நெற்றியைச் சாய்த்தார்.

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. அப்புறம் ஒரு குறட்டை.

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். அந்த ஏழு பேரில் ஒருத்தரும் அசையவில்லை. தங்கையா என்கிற பெரியவர் மட்டும் விரலில்லாத கையால் மேசை ஃபேனைத் தள்ளித் தள்ளி சிஸ்டர் பக்கம் திருப்பி வைத்தார்.

கால் மணி நேரம் கழித்து சிஸ்டர் நிமிர்ந்து, "ஆமென்" என்றார். எல்லோரும் "ஆமென்" சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

பிரதர் வராண்டாவில் பிடித்துக்கொண்டார். "என்ன சிஸ்டர் இது! தூங்கிட்டீங்களே!"

"ஆமா. நல்ல தூக்கம்."

"ஆண்டவர் சமுகத்துலயா?"

"பின்ன, வேற எங்க போய்த் தூங்க?"

பிரதருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒருத்தர் அழல. ஒருத்தருக்கு உடம்பு சிலிர்க்கல. அவர் அங்க இருந்தார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சிஸ்டர் கொட்டாவியை மறைக்கக்கூட இல்லை.

"வேத்தாள் வீட்டுல எனக்குக் கண்ணே அசராது, பிரதர்."

சொல்லிவிட்டு உள்ளே மருந்து கொடுக்கப் போய்விட்டார்.

பிரதர் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தலை சுவரில் சாய்ந்தது.

நாங்கள் திரும்ப வேண்டிய ரெண்டரை மணி பஸ் வந்து போயிற்று. நான் எழுப்பவில்லை.