கைமாறிய பஸ்ஸின் பிரேக்

செங்கோடனை முதலில் சீண்டியவர் நாமக்கல் பஸ் ஷோரூம் மேலாளர் பத்மநாபன்தான். செங்கோடன் பழைய பஸ் ஒன்றை வாங்கி, கொல்லிமலைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர். அந்த வகை பஸ்ஸில் பிரேக் குழாய் பழுது, இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கம்பெனியே கடிதம் போட்டிருந்தது. பஸ்ஸை விற்றவர் அதைக் கொண்டுவந்து கொடுக்க, செங்கோடன் ஷோரூமுக்குப் போனார்.

“கடிதம் முதல் ஓனர் பேருக்கு வந்திருக்கு. நீ பின்னாடி வாங்கினவன், உனக்கு உரிமை கிடையாது. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாதா?” என்றார் பத்மநாபன்.

அங்கே மூன்று புது பஸ் வாங்க வந்த ராசிபுரத்து முதலாளி ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

செங்கோடன் பணிவாகக் கும்பிட்டார். “சரிங்க சார். பஸ் கைமாறிட்டா பிரேக்குக்குக் கம்பெனி பொறுப்பில்லைன்னு எழுதிக் கொடுங்க. முன் கண்ணாடியில ஒட்டிக்கிறேன். சனங்க படிச்சுட்டு ஏறட்டும்.”

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ நாளைக்கு என் பஸ்ஸை நான் வித்தா எவன்யா வாங்குவான்?”

பத்மநாபனுக்கு வியர்த்தது. “ஐயோ, விளையாட்டுக்குச் சொன்னேங்க! பழுது வண்டிக்குத்தானே, யாருகிட்ட இருந்தா என்ன?” என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

சாயங்காலத்துக்குள் புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது. செங்கோடன் நகரவில்லை.

“இன்னும் என்னய்யா?”

“கம்பெனி தரவேண்டியதைத் தந்துடுச்சு சார். ‘தெரியாம பேசிட்டேன்’னு ஒரு வார்த்தை, அது நீங்க தரவேண்டியது.”

ஏழு வருஷமாகிறது, அந்த வார்த்தை வரவில்லை. ஷோரூமைத் தாண்டும்போதெல்லாம் செங்கோடன் நீளமாக ஒரு ஹாரன் அடித்துக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.