அசையாத லைவும் அரை மீசையும்

ஓட்டைப்பாலத்துக்காரங்களைப் பத்தி யாரும் தப்பாப் பேசினா எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவங்க சொன்ன பேச்சுக் கேக்கிறவங்க. ஒரு சொல்லு விடாமக் கேப்பாங்க. அதுதான் கஷ்டம்.

அந்த ஊர் லிங்கதுரைக்கு ரெண்டு பெருமை. ஒண்ணு, கம்ப்யூட்டர்ல மலைப்பாதையில பஸ் ஓட்டுற கேம். இன்னொண்ணு, பன்னிரண்டு வருஷமா நெய் தடவி வளர்த்த மீசை. கேமை மட்டும் ஆடினா பஸ் வழுக்கிக்கிட்டுப் போகும். ஆடுறதை நெட்டுல எல்லாருக்கும் காட்ட லைவைப் போட்டாப் போதும், முதல் வளைவுலயே நின்னுரும்.

இதைப் பாத்துப் பாத்துச் சிரிச்ச பக்கத்து ஊர் மச்சான் சுடலைக்கண்ணு, அதாவது பொண்டாட்டி பேச்சியோட அண்ணன், ஒரு பந்தயம் போட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிலேருந்து பதினொண்ணு வரைக்கும் ஹேங் ஆகாம லைவ் போடுங்க மாப்ள. போட்டுட்டா என் மீசையை எடுத்துருதேன். ஹேங் ஆனா உங்க மீசையை அதே லைவுல எடுக்கணும்."

லிங்கதுரைக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. கூட்டாளிங்க சொரிமுத்துவும் குருநாதனும் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில சுத்தி டவுனுக்குத் தூக்கிட்டு ஓடினாங்க.

கடைக்கார நூர்நிஷா அக்கா கெட்டிக்காரி. ரேமை மாத்தினாங்க, தூசியைத் தட்டினாங்க. அப்புறம் சொன்னாங்க: "பெட்டிக்குக் காத்து போகணும். லைவ் போறப்ப வேற எதையும் ஓட விடாதீங்க. இதுல கேம் மட்டும் ஆடுங்க, லைவை இன்னொரு மெஷின்ல போடுங்க. படத்துல அசைவு கம்மியா இருந்தா தடங்கலில்லாமப் போகும்."

குருநாதன் அத்தனையையும் வலது உள்ளங்கையில எழுதிக்கிட்டு, அழிஞ்சிருமேன்னு ஞாயித்துக்கிழமை வரைக்கும் இடக்கையாலயே சாப்பிட்டான்.

ஞாயிறு காலை. "வேற எதுவும் ஓடக்கூடாது"ன்னு கையைப் பாத்துப் படிச்சான். ஃபேனை நிறுத்தினாங்க. ஃபிரிட்ஜை நிறுத்தினாங்க. பேச்சி பாதி சட்னி அரைச்சிருக்கையில மிக்ஸி வயரைப் பிடுங்கினாங்க. அவ திட்டின திட்டை இங்க எழுத முடியாது. முற்றத்துல கோழி ஒண்ணு ஓடிச்சு. அதைப் பிடிச்சுக் கூடையில கவுத்தாங்க.

"ஏல, சுவத்துல கடிகாரம் ஓடுது பாரு" என்றான் சொரிமுத்து.

"அடப்பாவி, நல்லவேளை பாத்தே!" குருநாதன் ஸ்டூல்ல ஏறி பேட்டரியைக் கழட்டினான். அப்போ மணி சரியாப் பத்து.

அடுத்தது காத்து. ஃபேனைத்தான் நிறுத்தியாச்சே? சொரிமுத்து சைக்கிள் பம்பை எடுத்துப் பெட்டி ஓட்டையில வச்சு அடிக்க ஆரம்பிச்சான்.

"பம்பு ஓடலாமா வே?"

"பம்பு எங்க ஓடுது? நான்லா அடிக்கேன்."

அது நியாயம்தான்னு எல்லாருக்கும் பட்டது.

சொரிமுத்துவோட லேப்டாப்புல லைவைப் போட்டாங்க. கேமரா லிங்கதுரை முகத்தை மட்டும் பாத்தது. "பஸ்ஸைக் காட்ட வேண்டாமா?"ன்னு லிங்கதுரை கேட்டான்.

"பஸ் அசையும்லா?" என்றான் குருநாதன். "நீயும் அசையாத. விரல் மட்டும் ஆடட்டும், அது கேமராவுக்குத் தெரியாது. கண்ணையும் ரொம்பச் சிமிட்டாத. மீசை போயிரும்."

மீசைன்னதும் லிங்கதுரை மூச்சையே பாதியாக் குறைச்சுக்கிட்டான். அம்மாடி, என்னா ஓட்டு ஓட்டினான் தெரியுமா! பதினாலு வளைவு, ஒரு இடத்துல நிக்கலை. அந்த அழகைப் பாக்கத்தான் நாதி இல்லை.

கொஞ்ச நேரத்துல சுடலைக்கண்ணு கமெண்ட் போட்டார்: "ஹேங் ஆயிருச்சு! முகம் அசையவே இல்ல. எடுங்க மீசையை!"

ரெண்டு பேரும் ஆடிப்போயிட்டாங்க. "ஹேங் ஆகலைன்னு காட்டணும்னா இவன் அசையணும்" என்றான் சொரிமுத்து, பம்பை நிறுத்தாம.

"அசைஞ்சா நிஜமாவே ஹேங் ஆயிரும்."

"அப்போ?"

"மீசையை எடுத்துட்டா ஹேங் ஆகாமத் தப்பிச்சிரலாம்."

லிங்கதுரை கண்ணுலேருந்து ஒரு சொட்டுத் தண்ணி வந்தது. அசையக்கூடாதேன்னு அதையும் துடைக்கலை. குருநாதன் சோப்பு போட்டு வலப்பக்கத்தை வழிச்சு முடிச்சு இடப்பக்கம் கையை வைக்கையில, சுடலைக்கண்ணுகிட்டேருந்து அடுத்த கமெண்ட் வந்தது: "ஐயோ, கை அசையுதே! அப்போ லைவ் நல்லாத்தான் ஓடுது! நிறுத்துங்கய்யா!"

நிறுத்தினாங்க. லிங்கதுரை அரை மீசையோட வண்டியை ஓட்டிக்கிட்டே இருந்தான்.

சுடலைக்கண்ணு வாக்குத் தவறாத மனுஷன், அதையும் சொல்லணும். அவர் வீட்டுக் கடிகாரத்துல பதினொண்ணு அடிச்சதும் மீசையைச் சுத்தமா வழிச்சு, அந்த முடியைச் சாட்சிக்கு ஒரு பொட்டலமா மடிச்சுக்கிட்டு, தோல்வியை நேர்லயே ஒத்துக்குவோம்னு மினி பஸ் ஏறி ஓட்டைப்பாலம் வந்து இறங்கினார்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, லிங்கதுரை அப்படியே உக்காந்திருக்கான். சொரிமுத்து நாக்குத் தள்ளப் பம்பு அடிச்சுக்கிட்டிருக்கான்.

"போதும் மாப்ள! நீங்க ஜெயிச்சிட்டீங்க. பாருங்க, என் மீசையை எடுத்துட்டேன்!"

குருநாதன் பதறிப்போய் அவர் வாயைப் பொத்திக் கடிகாரத்தைக் காட்டினான். மணி சரியாப் பத்து.

"என்ன அண்ணாச்சி இப்படி அவசரப்பட்டுட்டீங்க? பந்தயம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

சுடலைக்கண்ணு கடிகாரத்தைப் பாத்தார். கிட்டப் போய்ப் பாத்தார். தூர நின்னும் பாத்தார். பத்துதான். மழமழன்னு இருந்த உதட்டுக்கு மேல தடவிப் பாத்தார். பாவம், முகமே செத்துப்போச்சு. அப்புறம் கேமராவுல விழாம மெல்லக் குனிஞ்சு தங்கச்சிகிட்டப் போய்க் காதுல கேட்டார்:

"பேச்சி, வீட்டுல பசை இருக்கா? பதினொண்ணு அடிக்கதுக்குள்ள திருப்பி ஒட்டிக்கிடுதேன்."