ஆற்றைத் தாண்டிய சட்டம்

முன்னொரு காலத்தில் ஓர் ஆற்றின் இரு கரைகளிலும் இரண்டு ராஜாக்கள் ஆண்டு வந்தார்கள். இக்கரை ராஜாவின் பெயர் அருள்மாறர். நல்லவர்தான், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். ஒரு நாள் காலையில் மேல்மாடத்தில் உலாவிக்கொண்டிருந்தபோது தம் நிழலைப் பார்த்தார். அவர் நின்றால் அது நின்றது, நடந்தால் கூடவே நடந்தது. அது அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று. நேரே சபைக்கு வந்துவிட்டார்.

"நம் நிழல் நம்மை விட்டுப் பிரிவதில்லை. அதுபோல நம் சட்டமும் நம் குடிமக்களை விட்டுப் பிரியலாகாது. அவர்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் நம் சட்டம் கூடவே போகட்டும்," என்றார்.

நீதி மந்திரி மகுடபூஷணர்தான் முதலில் எழுந்தார். உலகில் வேறெந்த வேந்தருக்கும் தோன்றாத யோசனை என்று புகழ்ந்து தள்ளி, உச்சிப்பொழுதுக்குள் அதைச் சட்டமாக்கி முரசும் அறைய வைத்துவிட்டார். சபையில் சிரித்தவர் ஒரே ஒருவர், வேடிக்கை பேசி ராஜாவைச் சிரிக்க வைக்கும் அரண்மனைக் கோணங்கி பூவுடையான். ராஜா அவரிடம் பிரியமாக இருப்பதைப் பார்த்தாலே மந்திரிக்கு வயிறு எரியும். இப்போது இந்தச் சிரிப்பு வேறு சேர்ந்துகொண்டது.

முரசுச் சத்தம் துறையில் மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஆவுடையப்பச் செட்டியார் காதிலும் விழுந்தது. பங்காளிகள் சிலரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இரு கரையிலும் மிளகு விற்கும் வணிகக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இக்கரையில் படியால் அளந்தால் மேலே கூம்பாகக் குவித்துத்தான் கொடுக்க வேண்டும். கூம்பில்லாமல் அளந்தால் கள்ளப்படி என்று சொல்லி அளந்த கையை வெட்டிவிடுவார்கள். அக்கரையில் இதற்கு நேர்மாறு. படியின் வாயில் ஒரு கோலை ஓட்டி, தலை வழித்துத்தான் அளக்க வேண்டும். கூம்பு வைத்துக் கொடுப்பவன் மற்றக் கடைக்காரர் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று சிறையில் தள்ளிவிடுவார்கள். இதுவரை செட்டியாருக்கு இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. படகு நடு ஆற்றைத் தாண்டியதும் கோலைக் கையில் எடுப்பார், திரும்பும்போது கீழே வைத்துவிடுவார்.

இப்போது என்ன செய்வது? மந்திரியின் வாசலில் போய் நின்றார்.

"சட்டப்படி செய்யும்," என்றார் மந்திரி.

"எந்தச் சட்டப்படி சாமி?"

"உமக்கு உரிய சட்டப்படி."

செட்டியார் தலையைச் சொறிந்துகொண்டே படகேறினார். நடு ஆற்றில் கோலை எடுத்தார், கீழே போட்டார், மறுபடியும் எடுத்தார். அக்கரைச் சந்தை அதிகாரியிடம் இக்கரையின் புதுச் சட்டத்தைச் சொல்லிப் பார்த்தார். "உங்க ராஜாவோட நிழலு உங்க ஊர்ல விழட்டும். இங்க கூம்பு வச்சா உள்ள போவீங்க," என்றார் அவர். செட்டியார் வேறு வழியில்லாமல் தலை வழித்து அளந்தார். விற்று முடித்து இக்கரையில் கால் வைத்ததும், அவர் கையில் கோலைக் கண்ட காவலர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கோலும் படியும் சாட்சிப் பொருளாகச் சபைக்குப் போயின.

"நம் குடிமகன், நம் சட்டத்துக்கு மாறாகக் கூம்பின்றி அளந்திருக்கிறான். கையை வெட்ட வேண்டும்," என்றார் மந்திரி.

ராஜாவுக்கே குழப்பமாக இருந்தது. "அங்கே கூம்பு வைத்திருந்தால்?"

"அக்கரையார் சிறையில் இட்டிருப்பார்கள், அரசே."

"அப்படியானால் செட்டியார் என்னதான் செய்திருக்க வேண்டும்?"

"என்ன செய்யக் கூடாது என்று மட்டுமே சட்டம் சொல்லும், அரசே. என்ன செய்யலாம் என்பது செட்டியாரின் கவலை."

ராஜா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தாமே போட்ட சட்டம், தம் வாயாலேயே எப்படித் திரும்பப் பெறுவது? அப்போது பூவுடையான் எழுந்து, தீர்ப்பை நாளைக்குத் தள்ளி வைத்தால் தாம் செட்டியாருக்காகப் பேசுவதாகச் சொன்னார். மந்திரிக்குக் கசக்குமா?

"தாராளமாகப் பேசட்டும். தோற்றால் செட்டியாரின் கையோடு இவரும் நாட்டை விட்டுப் போகட்டும்," என்றார்.

பூவுடையான் சரி என்று தலையை ஆட்டிவிட்டார்.

அன்று மாலை சிறையில் செட்டியார் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பூவுடையான் வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"கோல் வச்சுத்தான் அளந்தேன் பூவுடையாரே. அங்க அதானே முறை?"

"அதான் முறை."

"அப்ப நான் தப்புப் பண்ணலையா?"

"அக்கரையில பண்ணல."

"இக்கரையில?"

"இக்கரையில நீங்க அளக்கவே இல்லையே செட்டியாரே."

செட்டியாருக்குக் கிறுகிறுவென்று வந்தது. "அப்ப என் கை இப்ப எந்தக் கரையில இருக்கு?"

"தோள்லதான் இருக்கு. நாளைக்கும் அங்கயேதான் இருக்கும். சாப்பிட்டுப் படுங்க."

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?"

"ஒரு நாவிதரைப் பார்க்கணும்," என்று சொல்லிவிட்டுப் பூவுடையான் போய்விட்டார். இங்கே கை போகப்போகிறது, இந்த மனுஷனுக்குச் சவரம் கேட்கிறதா என்று செட்டியார் வாய்விட்டே அழுதார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தீர்ப்புச் சொல்கிறவர் சபை நடுவில் உட்கார்ந்து மீசையைத் திருத்திக்கொண்டு, அதை முறுக்கிவிட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். மீசை நேராக இருந்தால் நீதியும் நேராக இருக்கும் என்று எந்தப் புண்ணியவானோ சொல்லி வைத்திருக்கிறான். மகுடபூஷணர் மீசையோ காதுவரை போய்த் திரும்பும் மீசை. மறுநாள் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்த அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்திக் காட்டினார். வந்திருந்தவர் வழக்கமான அரண்மனை நாவிதர் இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் கைகட்டி நின்ற செட்டியாருக்கு மட்டும் அந்த ஆளை அக்கரைச் சந்தையில் பார்த்த ஞாபகம். ஆனால் ஒன்றும் விளங்கவில்லை.

கத்தி மேலுதட்டில் ஓர் இழுப்பு இழுத்தது. இடப்பக்கம் சில்லென்று காற்றுப் பட்டதும் மந்திரி தடவிப் பார்த்தார். அங்கே மீசை இல்லை.

"யார் நீ? என்ன காரியம் செய்தாய்?" என்று துள்ளி எழுந்தார்.

"நான் அக்கரைச் சடைமாயனுங்க. மகளைப் பாக்க வந்தேன், கோணங்கி ஐயா கூட்டியாந்தாரு. எங்க நாட்டுல ராஜ குலத்தைத் தவிர வேற யார் முகத்துலயும் நாவிதன் மீசையை விட்டு வைக்கக் கூடாதுங்க. வச்சா எங்க விரல் போயிடும். கொஞ்சம் இந்தப் பக்கமும் காட்டுங்க சாமி."

"அது உன் நாட்டுச் சட்டம்," என்று மந்திரி கத்தினார். "இது எங்கள் மண். இங்கே நின்று தொழில் செய்கிறவனுக்கு இங்குள்ள சட்டம்தான்."

பூவுடையான் காதருகே கையைக் குவித்தார். "அமைச்சர் பெருமானே, பின்வரிசைக்குக் கேட்கவில்லை."

கோபத்தில் இருந்த மந்திரி அதையே இன்னும் உரக்கச் சொன்னார்.

"கேட்டீர்களா, அரசே? தீர்ப்பு வந்துவிட்டது. எங்கே நின்று தொழில் செய்கிறோமோ அங்குள்ள சட்டம். செட்டியார் நின்று அளந்தது அக்கரை மண்," என்றார் பூவுடையான்.

ராஜா மந்திரியின் பாதி மீசையைப் பார்த்தார், கோலைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "மற்றதெல்லாம் இருக்கட்டும். நம் நிழல் என்ன ஆவது?" என்று பரிதாபமாகக் கேட்டார்.

"நிழல் தங்களுடையதுதான், அரசே. ஆனால் தாங்கள் நிற்கிற இடத்து வெயிலுக்குத் தக்கபடிதான் அது நீளும், குறுகும்."

ராஜா குனிந்து பார்த்தார். கூரைக்கு அடியில் அவர் நிழலே விழவில்லை. அவ்வளவுதான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் சட்டத்தை ரத்து செய்தார், செட்டியாரை விடுவித்தார், நாவிதரை ஒன்றும் செய்யக் கூடாது என்றார். செட்டியார் வலக்கையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

"பூவுடையானுக்கு ஒரு படி பொற்காசு. நம் அமைச்சரே தம் கையால் அளக்கட்டும்," என்றார் ராஜா.

மந்திரி பாதி மீசையோடு படியில் காசை அள்ளிப் போட்டார். சாட்சிப் பொருளாகக் கிடந்த கோலை மெல்ல எடுத்துப் படியின் வாயில் ஓட்டப் போனார்.

"நான் நிற்பது இக்கரை, அமைச்சரே," என்றார் பூவுடையான்.

மந்திரி கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூம்பு குவிக்கத் தொடங்கினார். ராஜா மறுபடியும் சிரித்தார். செட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, தொழில்காரர் பார்வையோடு படியை ஒரு தரம் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு கை வைக்கலாம் சாமி," என்றார்.